மண்ணைப் போர்த்தும் படர் ஜூனிப்பர்

நெசவாளருக்கு நூல் எத்தகையதோ, பயிர் வளர்ப்போருக்கு மேல்மண் அத்தகையது. நூல் சிக்குண்டால் பொறுமையோடு பிரித்தெடுக்கலாம். அறுந்தால் முடிந்து இணைக்கலாம். ஆனால் மழை வெள்ளத்தோடு ஓடிப்போன மேல்மண்ணை மீண்டும் கொணர்ந்து அதே இடத்தில் பரப்புதல் எவராலும் எளிதில் இயலாது. ஆகவே, மண் போனபின் வருந்துவதைக் காட்டிலும், மண் போகாதவாறு அதற்கு ஒரு போர்வை அளித்தலே அறிவுடைமையாம்.

சமநிலத்தில் புல் அப்போர்வையாக அமையும். சரிவான நிலத்திலோ புல் வளர்த்துப் பேணுதல் கடினம். வெட்டும் கருவியைச் சரிவில் செலுத்துதல் ஆபத்தானதுமாகும். ஓராண்டுப் பூஞ்செடிகள் பனிக்காலத்தில் மடிந்து, மண்ணை வெறுமையாக விட்டுச் செல்லும். குளிர்நாடுகளில் பனி உருகி நீர் பெருகும் இளவேனில் தொடக்கத்திலேதான் மண்ணுக்குப் பாதுகாப்பு மிகவும் தேவை. அவ்வேளையில் இலையுதிர் செடிகள் யாவும் மொட்டையாய் நிற்கும். எனவே, ஆண்டு முழுதும் இலை உதிராமல், நிலத்தோடு நிலமாகப் படர்ந்து, ஒரு முறை நட்டால் பல்லாண்டு நிலைக்கும் செடி ஒன்று அந்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு இன்றியமையாததாயிற்று. அத்தகைய செடிகளுள் முதன்மையான ஒன்று படர் ஜூனிப்பர். அதன் இயல்பையும், அதை வளர்க்கும் முறையையும், அதனால் நாம் அறிந்துகொள்ளத்தக்க பாடங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பிடம்

ஜூனிப்பர் என்பது சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலைத் தாவர இனம். இவ்வினத்தில் ஓங்கி வளரும் மரங்களும் உண்டு. இடுப்பளவுப் புதர்களும் உண்டு. தரையைவிட்டு எழாத படர்செடிகளும் உண்டு. நாம் கூறும் செடி கடைசி வகையைச் சேர்ந்தது. ஜெர்மானியத் தாவர அறிஞர் மோயென்ச் என்பார் 1794-ஆம் ஆண்டில் இதற்கு ‘ஜூனிப்பெரஸ் ஹாரிசான்டாலிஸ்’ எனப் பெயரிட்டார். கிடைமட்டமாய் வளர்வது என்பது அப்பெயரின் பொருள்.

இதன் தாயகம் வட அமெரிக்காவின் வடபகுதி. மேற்கே அலாஸ்கா முதல் கிழக்கே நியூபவுண்ட்லாந்து வரை கனடா நாடெங்கும் இது இயற்கையாக வளர்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் மெயின் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலும், மிச்சிகன் முதலிய பேரேரிகளின் மணற்குன்றுகளிலும், வட டக்கோட்டா மாநிலத்தின் அரிபட்ட களிமண் மேடுகளிலும் இதனைக் காணலாம். கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் ‘ஸ்பிரிட் சாண்ட்ஸ்’ எனப்படும் மணல்மேடுகள் உள்ளன. காற்றால் இடம்பெயரும் அம்மணலைப் பற்றி நிறுத்தும் செடிகளுள் இதுவும் ஒன்று.

இவ்விடங்களைக் கூர்ந்து நோக்கின், செடியின் தேவைகள் தாமே விளங்கும். பாறை, மணல், சரிவு ஆகிய இவை அனைத்திலும் நீர் தேங்குவதில்லை. இவை யாவும் மரநிழல் இல்லாத திறந்த வெளிகள். மண்ணிலே வளம் குறைவு, காற்று மிகுதி, குளிர் கடுமை. ஆதலின் இச்செடி வேண்டுவது வெயிலும், நீர் வடியும் மண்ணுமே. எருவையும் அது மிகுதியாக எதிர்பார்ப்பதில்லை. பூஜ்யத்திற்குக் கீழ் 40 பாகை வரையிலான குளிரையும் அது தாங்கவல்லது. ஒரு செடியை வளர்க்கப் புகுமுன் அதன் பிறந்த இடத்தைக் கேட்டறிந்தால், பாதி வேளாண்மை கற்றவராவோம்.

உடலமைப்பு

படர் ஜூனிப்பரின் உயரம் வகைக்கேற்ப அரை அடி முதல் ஒன்றரை அடி வரை இருக்கும். ஆனால் அதன் கிளைகள் நாற்புறமும் 6 அடி முதல் 10 அடி வரை பரவும். இளங்கிளைகளில் ஊசி போன்ற கூரிய இலைகளும், முதிர்ந்த கிளைகளில் மீன் செதில் போன்று ஒட்டிய சிற்றிலைகளும் காணப்படும். இலைகளின்மேல் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. சில வகைகள் நீலநிறமாகத் தோன்றுவதற்கு அம்மெழுகே காரணம். இலையிலுள்ள நீர் காற்றில் வீணாகாமல் தடுப்பதும் அதுவே.

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் காணப்படும் கருநீலச் சிறு உருண்டைகளைப் பழம் என்பர். உண்மையில் அவை பழமல்ல, சதைப்பற்றுற்ற கூம்புகளே. மேனாடுகளில் உணவுக்கும் பானத்துக்கும் மணமூட்டப் பயன்படுவது ‘ஜூனிப்பெரஸ் கம்யூனிஸ்’ என்னும் வேறு ஜூனிப்பரின் கனி. இவ்வினத்தில் நச்சுத்தன்மை வாய்ந்தவையும் உண்டு. ஆகவே தோட்டத்து ஜூனிப்பர் எதையும் வாயிலிடலாகாது. சிறுவர்க்கும் இதைச் சொல்லிவைத்தல் நன்று.

மண்ணைக் காப்பதில் இச்செடி இரு வழியாகப் பணிபுரிகிறது. மேலே அடர்ந்த கிளைகள் மழைத்துளியின் வேகத்தைத் தாங்கி, நீரை மெல்லக் கீழிறக்குகின்றன. துளி நேரே மண்ணைத் தாக்காமையால் மண் கட்டிகள் உடைந்து கரைவதில்லை. தரையைத் தொடும் கிளைகளோ ஆங்காங்கே புது வேர் விட்டு மண்ணில் ஊன்றிக்கொள்கின்றன. ஒரே தண்டை நம்பி நிற்கும் செடி அன்று இது. படர்ந்த இடமெல்லாம் முளையடித்தாற்போல் பிடித்துக்கொள்ளும் செடி. கிளைகள் பாவு என்றால், அவற்றினின்று இறங்கும் வேர்கள் ஊடை. இரண்டும் சேர்ந்தபோதுதான் துணி உறுதி பெறுகிறது. நிலமும் அவ்வாறே.

பனிக்காலத்து நிறமாற்றம்

இலையுதிராத செடி எனினும் நிறம் மாறாத செடி அன்று. குளிர் தொடங்கியதும் பல வகைகளின் இலைகள் ஊதா அல்லது செம்பு நிறம் கொள்கின்றன. இதைக் கண்டு செடி பட்டுப்போயிற்று எனக் கருதி, பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. இது நோயன்று, குளிரில் இலைக்குள் செந்நிறப் பொருள்கள் மிகுவதால் விளையும் இயல்பான மாற்றம். இளவேனிலில் பச்சை மீளும்.

இயல்பான மாற்றத்தையும் உண்மையான கேட்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. செடி முழுதும் ஒரே சீராக ஊதாநிறம் பரவி, கிளை வளைத்தால் ஒடியாமல் துவளுமானால், கவலை வேண்டா. ஆங்காங்கே சில நுனிகள் மட்டும் பழுப்பேறி, தொட்டால் உதிருமானால் அது கேடு. ஐயமிருப்பின் நகத்தால் கிளையின் பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு.

புகழ்பெற்ற வகைகள்

இச்செடியின் சிறந்த வகைகள் பல, காட்டில் தாமே தோன்றியவற்றைக் கூரிய கண்ணுடைய பண்ணையாளர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை. கனெக்டிகட் மாநிலத்தின் தெற்கு வில்டன் ஊரைச் சேர்ந்த நாற்றுப்பண்ணையாளர் ஜேக்கப் வான் ஹைனிங்கன் 1914-ஆம் ஆண்டில் மெயின் மாநிலத்தின் வைனல்ஹேவன் தீவில் ஒரு செடியைக் கண்டெடுத்தார். அதுவே ‘வில்டோனி’ என்றும், நீலக் கம்பளம் எனப் பொருள்படும் ‘ப்ளூ ரக்’ என்றும் இன்று வழங்குகிறது. ஏறத்தாழ அரை அடி உயரத்துக்குமேல் எழாமல், உண்மையில் கம்பளம் விரித்தாற்போலவே கிடக்கும் வகை இது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஹை ரிவர் என்னுமிடத்தில் 1931-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டு, மானிட்டோபாவின் மார்டன் ஆராய்ச்சி நிலையத்தால் 1967-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’. கடுங்குளிர் தாங்குவதில் இது பெயர்பெற்றது. மெயின் கடற்கரையிலிருந்து வந்தது ‘பார் ஹார்பர்’. பிலடெல்பியாவின் அண்டோரா பண்ணை பரப்பியது ‘புளூமோசா’. ஏனையவற்றைவிடச் சற்று உயர்ந்து, இறகு விரித்தாற்போல் கிளைக்கும். இல்லினாய் மாநிலத்தின் வாக்கேகன் நகரருகே மிச்சிகன் ஏரிக்கரை மணலிலிருந்து எடுக்கப்பட்டது ‘டக்ளஸி’.

இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ‘டக்ளஸி’ வகை தோட்டங்கள் பலவற்றில் பரவியிருக்க, அதன் பிறந்தகமான இல்லினாய் மாநிலத்தில் இயற்கையாய் வளரும் படர் ஜூனிப்பரோ அழியும் நிலையிலுள்ள தாவரமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. தோட்டத்தில் மலிந்திருப்பதால் ஒரு செடி காட்டிலும் பாதுகாப்பாய் உள்ளது எனக் கொள்ளுதல் பிழை. ஆகவே செடி வேண்டுவோர் பண்ணையில் பெருக்கிய கன்றுகளையே வாங்குதல் வேண்டும், மணற்குன்றிலிருந்து பெயர்த்துவரலாகாது.

இடம் தேர்தல்

நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர் வெயில் விழும் இடமே இச்செடிக்கு ஏற்றது. நிழலில் கிளைகள் நீண்டு மெலியும். நடுப்பகுதி இலையிழந்து வெறுமையுறும். அவ்வெறுமையிற் களை புகும். மரத்தடிக்கு இதைத் தேர்ந்தெடுத்தல் தவறு.

அடுத்து நோக்க வேண்டியது வடிகால். ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள குழி ஒன்று வெட்டி, அதில் நீர் நிரப்பி வடியவிடுக. இரண்டாம் முறை நிரப்பி, நீர் இறங்கும் வேகத்தைக் கவனிக்க. சில மணி நேரத்தில் வடிந்தால் நிலம் ஏற்றது. மறுநாளும் நீர் நிற்குமானால் அங்கே வேரழுகல் உறுதி. அத்தகைய இடத்தில் மண்ணை மேடாக்கி நடலாம். அல்லது வேறு செடியைத் தேடலாம். களிமண் குழியில் மட்டும் மணலும் எருவும் இட்டு நிரப்புவது பயன் தராது. சுற்றிலுமுள்ள களிமண்ணில் வடிய வழியின்றி, குழி நீர்த்தொட்டியாகிவிடும்.

மண் சற்றுப் புளிப்பாயினும் சற்றுச் சுண்ணாம்புத் தன்மையுடையதாயினும் இச்செடி பொறுத்துக்கொள்ளும். சாலையோர உப்பையும் ஓரளவு தாங்கும்.

நடவும் கணக்கும்

நடுமுன் செய்ய வேண்டிய முதற்பணி களையொழிப்பு. வேர்க்கிழங்கால் பரவும் புல்வகைகளை அடியோடு அகற்றாமல் நட்டால், பின்னர் அவை ஜூனிப்பரின் நடுவே கிளம்பும். அப்போது கிளைகளை மிதித்துக்கொண்டு உள்ளே சென்று களையெடுத்தல் பெருந்தொல்லை. நடுவதை ஒரு பருவம் தள்ளி வைத்தாலும் குற்றமில்லை. களையோடு நடுவதே குற்றம்.

இனி இடைவெளி. எடுத்துக்காட்டாக, 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள சரிவு ஒன்றைக் கொள்வோம். அதன் பரப்பு 600 சதுர அடி. செடிக்குச் செடி 5 அடி விட்டு நட்டால் 24 கன்றுகள் போதும். விரைவில் மூடவேண்டும் என விரும்பி இடைவெளியைப் பாதியாக்கி, இரண்டரை அடிக்கு ஒன்றாக நட்டால் 96 கன்றுகள் வேண்டும். இடைவெளி பாதியானால் செலவு பாதி கூடுவதில்லை. நான்கு மடங்காகிறது என்பதை நினைவிற் கொள்க. அதுவுமன்றி, நெருக்கி நட்ட செடிகள் சில ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காற்றோட்டமின்றி நோய்க்கு இடங்கொடுக்கும். 4 அடி முதல் 6 அடி வரை இடைவெளி விடுதலே பொதுவாக நன்று.

சரிவில் நடும்போது வரிசைகளை நேருக்கு நேராக அமைக்கலாகாது. மேல் வரிசையில் இரு செடிகளுக்கு இடையேயுள்ள வெளிக்கு நேராகக் கீழ் வரிசைச் செடி வருமாறு மாற்றி அமைத்தல் வேண்டும். இறங்கிவரும் நீர் இடையில் தடைபட்டு வேகம் தணியும்.

பாதையோரத்தில் நடுவோர் மறவாது காக்கவேண்டிய விதி ஒன்று: பாதையின் விளிம்பிலிருந்து 3 அடி அல்லது 4 அடி தள்ளியே கன்றை வைத்தல் வேண்டும். வாங்கும்போது கன்று உள்ளங்கை அளவாய் இருப்பதால் ஓரடி போதும் எனத் தோன்றும். செடி முழுதும் வளர்ந்தபின் பாதையை மறைக்கும், வெட்டவேண்டி வரும், வெட்டினால் வரும் கேட்டைப் பின்னர்க் கூறுவோம்.

குழி, கன்றின் வேர்க்கட்டியைப்போல் இரு மடங்கு அகலமும், அதன் உயரத்துக்குச் சமமான ஆழமும் உடையதாயின் போதும். தொட்டியில் வளர்ந்த கன்றின் வேர்கள் சுற்றிச் சுருண்டிருப்பின் அவற்றைப் பிரித்துப் பரப்பி நடுக. வேர்க்கட்டியின் மேல்மட்டம் தரையோடு சமமாக அல்லது சிறிது உயர்ந்து இருக்கட்டும். தண்டு மண்ணில் புதையலாகாது. எருவைக் குழியில் திணிக்க வேண்டா. நட்டவுடன் நிறைய நீர் விட்டு மண்ணைப் படியச் செய்க.

முதல் மூன்றாண்டுகள்

படர் ஜூனிப்பரைப் பராமரிப்பு வேண்டாத செடி என விற்போர் கூறுவர். வளர்ந்தபின் அது பெரும்பாலும் உண்மை, வளரும்வரை உண்மையன்று. கன்றுகள் ஒன்றோடொன்று கைகோத்து நிலத்தை மூடுவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை நீர், மூடாக்கு, களையெடுப்பு ஆகிய மூன்றும் தவறலாகாது.

முதலாண்டில் மழையில்லா வாரங்களில் வாரம் ஒரு முறை வேர் நனையுமாறு ஆழ நீர் பாய்ச்சுக. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதால் வேர் மேலேயே நின்றுவிடும். கடுங்குளிர் தொடங்குமுன் ஒரு முறை நன்றாக நீர் விடுதல் குளிர்நாட்டில் முக்கியமானது. காரணம் இது: இலையுதிராச் செடி குளிர்காலத்திலும் இலை வழியாக நீரை இழக்கிறது, மண் உறைந்துவிட்டால் இழந்ததை வேரால் ஈடுசெய்ய இயலாது. அந்நிலையில் உலர்காற்று வீசினால் இலை கருகும். செடியின்மீது படியும் பனி, காற்றிலிருந்து அதனைக் காப்பதால் தீங்கன்று, நன்மையே.

கன்றுகளுக்கு இடைப்பட்ட வெளியில் மரப்பட்டைத் துணுக்குகளை 2 அங்குலம் முதல் 3 அங்குலம் வரை மூடாக்காகப் பரப்புக. தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடம் விடுக. களையைத் தடுக்கச் செயற்கைத் துணி விரிக்கும் வழக்கம் ஒன்று பரவியுள்ளது. படர் ஜூனிப்பருக்கு அது ஏற்றதன்று. கிளைகள் மண்ணைத் தொட்டு வேரூன்றுவதே இச்செடியின் வலிமை. துணி அதைத் தடுத்துவிடும்.

கவாத்து

ஏனைய புதர்களைப்போல் இச்செடியை எண்ணி, கத்தரி கொண்டு மேலே மழித்தல் பெருந்தீங்கு. ஜூனிப்பரின் பசிய இலைகள் கிளையின் வெளிப்பகுதியில் மட்டுமே உள்ளன. உட்பகுதி வெறும் கட்டை. அக்கட்டையில் துளிர்க்கும் மொட்டுகள் இல்லை. ஆதலின் பசுமை முடியும் எல்லையைத் தாண்டி வெட்டிவிட்டால், அவ்விடம் மீண்டும் துளிர்ப்பதே இல்லை. ரோஜாவும் செம்பருத்தியும் வெட்ட வெட்டத் தழைப்பதைக் கண்டு பழகிய கைகளுக்கு இது புதிய செய்தி. பாதையோரத்தில் நெருக்கி நடலாகாது என முன்னர்க் கூறியது இதனாலேயே: பாதையை விடுவிக்க வெட்டும் ஒரே நாளில், பல்லாண்டு வளர்ந்த செடி ஓரமெல்லாம் கட்டையாகி, என்றும் ஆறாத வடுப்பெறும்.

கவாத்து தேவைப்படின், இளவேனிலின் தொடக்கத்தில், புதுவளர்ச்சிக்கு முன், உலர்ந்த நாளில் செய்க. மேற்கிளையைச் சிறிது தூக்கி, அதன் அடியிலுள்ள நீண்ட கிளையைக் கவட்டில் வெட்டுக. மேற்கிளை வெட்டுவாயை மறைத்துக்கொள்ளும். ஊசியிலை பட்டுச் சிலர்க்குத் தோல் தடிக்கும். ஆதலின் கையுறை அணிதல் நலம்.

நோயும் பூச்சியும்

முதலாவது நுனிக் கருகல். போமோப்சிஸ் என்னும் பூசணத்தால் வருவது. இளவேனிலில் தோன்றும் இளந்துளிர்களை ஈரமான காலத்தில் இது தாக்கும். நுனி வெளிறிப் பின் பழுப்பாகும். உலர்ந்த பகுதியும் பசிய பகுதியும் கூடுமிடத்தில் சாம்பல்நிற வளையமும், அதில் கரும்புள்ளிகளும் தோன்றும். கபாட்டினா என்னும் வேறொரு பூசணமும் நுனியைக் கருக்கும். ஆனால் அது பனிக்காலத்தின் இறுதியில், புதுத்துளிர் தோன்றுமுன்னரே, சென்ற ஆண்டுத் துளிர்களில் வெளிப்படும். கருகல் தோன்றிய காலத்தைக் கொண்டே இரண்டையும் பிரித்தறியலாம். கருகிய நுனிகளை உலர்ந்த நாளில் வெட்டி அகற்றுதல், கருவியைத் தூய்மை செய்தல், மாலையில் இலைமேல் நீர் தெளியாமல் காலையில் வேரில் விடுதல், தழைச்சத்து உரம் மிகுதியாக இடாமை ஆகியவை தற்காப்புகள். மிகுந்த உரத்தால் வரும் மெல்லிய துளிரே போமோப்சிஸுக்கு விருந்து.

இரண்டாவது சிலந்திப்பேன். கண்ணுக்கு எளிதில் புலனாகாதது. இலைகள் மங்கிப் புழுதி படிந்தாற்போல் தோன்றும். வெள்ளைத் தாளைக் கிளையின் கீழ்ப் பிடித்துத் தட்டிப் பார்க்க. விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் பேன் உண்டு. நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினால் தொகை குறையும்.

மூன்றாவது பைக்கூட்டுப் புழு. இலைத்துணுக்குகளால் ஒரு சிறு பை பின்னி, அதனுள் வாழ்ந்து இலையைத் தின்னும். ஒரு பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் பனிக்காலத்தைக் கழிக்கும். அவை பொரிக்குமுன் கையால் பறித்து அழித்தலே சிறந்த வழி.

அண்டை வீட்டாரும் துருநோயும்

நான்காவது துருநோய். இதனைத் தனியே கூறக் காரணம் உண்டு. இந்நோயின் பூசணம் ஜூனிப்பரிலும் ஆப்பிள் இனத்திலும் மாறி மாறி வாழ்வது. ஜூனிப்பரில் அது செய்யும் கேடு சிறிது. ஆப்பிளுக்கு இழைக்கும் கேடு பெரிது. வர்ஜீனியா மாநிலத்தில் செஞ்சீடர் எனப்படும் ஓங்கிய ஜூனிப்பர் மரங்களிலிருந்து இந்நோய் ஆப்பிள் தோட்டங்களுக்குப் பரவிற்று. 1914-ஆம் ஆண்டில் அம்மாநிலம் சட்டம் ஒன்று இயற்றி, பழத்தோட்டங்களுக்கு அருகேயுள்ள நோயுற்ற மரங்களை வெட்ட ஆணையிடும் உரிமையை அரசு அலுவலருக்கு அளித்தது. மரத்துக்கு உரியவர்கள் வழக்கிட்டனர். 1928-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், மில்லருக்கும் ஷோனிக்கும் இடையிலான வழக்கில், அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அழகுக்கு நின்ற மரத்துக்கும், பலருக்குப் பிழைப்பளித்த பழத்தோட்டத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதே அதன் சாரம்.

படர் ஜூனிப்பரும் இத்தகைய துருநோய்களுக்கு இடங்கொடுக்கக்கூடியதே. ஆகவே அருகில் ஆப்பிள் தோட்டம் உள்ளவர்கள் இதனை நடுமுன் அண்டை விவசாயியைக் கலந்துகொள்ளுதல் கடமை. நம் வேலிக்குள் நாம் நடுவது நம் வேலியோடு நிற்பதில்லை என்பது கூட்டுறவின் முதற்பாடமன்றோ?

பெருக்கும் முறை

விதை முளைக்க நெடுங்காலம் செல்லும். முளைத்தாலும் தாய்ச்செடியின் குணம் அப்படியே வருவதில்லை. எனவே தண்டுக்குச்சியாலேயே பெருக்குவர். இலையுதிர் காலத்தின் இறுதி முதல் பனிக்காலம் வரை, 4 முதல் 6 அங்குல நீளமுள்ள நுனிக்குச்சிகளை, அடியில் சிறிது பழைய பட்டை ஒட்டியிருக்குமாறு கிழித்தெடுப்பர். கீழ்ப்பகுதி இலைகளை உருவி, வேரூக்கித் தூளில் தோய்த்து, ஈர மணற்கலவையில் ஊன்றி, அடியில் இளஞ்சூடு இருக்குமாறு பார்த்துக்கொள்வர். வேர்விட இரண்டு மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகும்.

வீட்டளவில் எளிய வழி பதியமே. தரையில் கிடக்கும் கிளையை ஓரிடத்தில் சிறிது கீறி, மண்ணால் மூடி, மேலே ஒரு கல் வைத்துவிட்டால், நாளடைவில் வேர்விடும். பின்னர் வெட்டிப் பெயர்த்து நடலாம். ஒரு தெருவில் ஒருவர் வாங்கிய நல்ல செடியிலிருந்து ஏனையோர் பதியம் பெற்றால், செலவும் சிறிது, உறவும் பெரிது. படர் ஜூனிப்பரின் தாயகமான கனடாவில், டொரான்டோ முதலிய இடங்களில், தமிழர் பலர் குடியேறி வாழ்கின்றனர். அவர்களுக்கு இக்குறிப்பு நேரடியாகவே பயன்படும்.

நெசவாளர் அறியவேண்டிய ஒரு செய்தி

ஜூனிப்பர் இனத்துக்கும் தறிக்கும் தொடர்பு இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் வாழும் நவஹோ மக்கள் கம்பளி நெசவில் பெயர்பெற்றவர்கள். அந்நிலத்தில் வளரும் மரவகை ஜூனிப்பர்களின் பசிய இலைகளை எரித்து, அச்சாம்பலை நீரில் கலந்து வடித்து, தாவரச் சாயங்கள் கம்பளி நூலில் பற்றுதற்குத் துணையாகப் பயன்படுத்தினர். நம் நாட்டில் சாயவேர்ச் சிவப்புக்குக் கடுக்காயும் படிகாரமும் எத்தகையனவோ, அவர்களுக்கு அச்சாம்பல் நீர் அத்தகையது. சாயம் மட்டும் இருந்தால் நிறம் நிலைக்காது. பற்றவைக்கும் பொருளும் வேண்டும் என்னும் உண்மையைக் கடல் கடந்த நெசவாளரும் தம் காட்டிலிருந்தே கண்டறிந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது.

நமக்குரிய பாடம்

இச்செடியை நம் சமவெளியில் வளர்க்கலாமோ எனச் சிலர் வினவக்கூடும். வேண்டா என்பதே விடை. குளிர்காலத்து ஓய்வுக்குப் பழகிய இச்செடிக்கு, ஆண்டு முழுதும் நீங்காத வெப்பமும், மழைக்காலத்தில் நீர் தேங்கும் மண்ணும் ஒவ்வா. இந்தியாவில் ஜூனிப்பர் இனம் இயற்கையாக வாழ்வது இமயமலையின் உயர்ந்த பகுதிகளிலேதான். விலைகொடுத்து வாங்கி வெயிலில் வாட்டுவதில் பயனில்லை.

ஆனால் செடி வராவிடினும் கொள்கை வரும். வெறும் மண்ணை விடாதே. மண்ணுக்கு ஏற்ற போர்வையை அதன் இயல்பறிந்து தேர்ந்தெடு என்பதே அக்கொள்கை. தென்னந்தோப்புகளிலும், குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும், பியூரேரியா, கலப்பகோனியம் முதலிய படர் அவரையினச் செடிகள் இப்பணியையே செய்கின்றன. அவை மண்ணைக் காப்பதோடு, வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கின்றன. இப்பேறு ஜூனிப்பருக்கு இல்லை. குளிர்நாட்டார்க்குக் குளிர்நாட்டுச் செடி, நமக்கு நம் செடி. இரண்டிலும் வெற்றிக்கு வழி ஒன்றே: நடுமுன் இடத்தை ஆராய்தல், இடைவெளியைக் கணக்கிடுதல், களையை முன்னரே ஒழித்தல், மூடும்வரை பொறுமையோடு பேணுதல்.

பல்லாண்டு நிலைக்கும் செடியை நடுபவர், அத்தனை ஆண்டுகளுக்கும் உரிய முடிவை ஒரே நாளில் எடுக்கிறார். அந்த ஒரு நாளில் அளவுகோலையும் மண்வெட்டியையும் நிதானமாகப் பயன்படுத்தினால், பின்வரும் நாள்களெல்லாம் மண் தன்னிடத்தே தங்கும். அன்பர்கள் தத்தம் நிலத்தில் வெறுமையாய்க் கிடக்கும் சரிவு எது என்பதை அடுத்த மழைக்கு முன் ஒரு முறை சுற்றிப் பார்ப்பார்களாக.